சாளக்கிராமம் கூறும் கடற்கதை

திருமால் திருக்கோயில்களிலும், வழிவழியாகப் பூசை செய்துவரும் இல்லங்களிலும் நாள்தோறும் காலையில் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. சிறியதொரு தட்டில், துளசி இலைகளின் நடுவே, கரிய வழவழப்பான உருண்டைக் கல் ஒன்று எழுந்தருளியிருக்கும். அதற்குத் திருமஞ்சனம் செய்து, அந்த நீரையே தீர்த்தமாக வழங்குவர். மெய்யன்பர்கள் அதனைக் கல்லென்று எண்ணுவதில்லை; திருமாலே என்று வணங்குவர். அக்கல்லின் வாய் போன்ற திறப்பினுள் உற்று நோக்கினால், வளைந்து வளைந்து உட்செல்லும் சக்கரம் ஒன்று தெரியும். அதுவே சாளக்கிராமம்.

அந்தச் சக்கரத்தைச் செதுக்கிய சிற்பி எவரும் இல்லை. அது மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று இல்லாத ஒரு கடலில் வாழ்ந்த உயிரினத்தின் ஓடு ஆகும். உலகெங்கும் அறிஞர்கள் தேடித் தேடிச் சேர்த்து அருங்காட்சியகங்களில் வைத்துள்ள தொல்லுயிர்ப் படிவங்களுள் இதுவும் ஒன்று. அருங்காட்சியகத்தில் அதன் அருகே பெயர்ச்சீட்டு இருக்கும். பூசையறையில் அதன் மேல் துளசி இருக்கும். கல் ஒன்றே, போற்றும் முறை இரண்டு. இவ்விரு முறைகளும் ஒன்றுக்கொன்று பகையா, துணையா என்பதைத் தொல்லுயிர்ப் படிவங்களைத் திரட்டிய வரலாற்றின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டகி நதிக்கரை

நேபாள நாட்டின் வடபகுதியில், திபெத்திய எல்லையை ஒட்டிய உயர்நிலத்தில் பிறந்து தெற்கு நோக்கி ஓடிவருவது காளி கண்டகி ஆறு. அதன் ஒருபுறம் 8,167 மீட்டர் உயரமுள்ள தௌலாகிரி. மறுபுறம் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா. இவ்விரு பெருமலைகளுக்கும் இடையே ஆறு அறுத்துச் சென்ற பள்ளத்தாக்கு, உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கண்டகி பின்னர் நாராயணி என்னும் பெயர் பெற்று, பீகார் மாநிலத்தில், கஜேந்திர மோட்சம் நிகழ்ந்த தலமாகப் போற்றப்படும் சோன்பூருக்கு அருகே கங்கையோடு கலக்கிறது.

இவ்வாற்றின் மேற்பகுதியில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது முக்திநாத் திருத்தலம். வைணவர்கள் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் திருச்சாளக்கிராமம் எனப்படுவது இதுவே என்பர். இங்கு 108 நீர்த்தாரைகள் உள்ளன. பனிக்குளிரையும் பொருட்படுத்தாது அடியார்கள் அவற்றில் நீராடுவர். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலமாகும். தமிழ்நாட்டின் சோழவள நாட்டிலே தோன்றிய திருமங்கையாழ்வார், தமது பெரிய திருமொழியில் இத்தலத்திற்கென ஒரு பதிகமே அருளியுள்ளார். இமயத்தின் உச்சியில் உள்ள கல்லும் ஆறும் காவிரிக் கரையின் தமிழில் இடம்பெற்றது எண்ணி மகிழத்தக்கது.

கண்டகியில் கிடைக்கும் கற்களைச் சக்கரங்களின் எண்ணிக்கை, அவை அமைந்துள்ள இடம், கல்லின் நிறம், திறப்பின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு லட்சுமி நாராயணன், சுதர்சனம், தாமோதரன், நரசிம்மம், அனந்தன் என்று பலவாறாக வகைப்படுத்துவர். புராணங்களும் இவ்வகைகளை விரிவாகப் பேசுகின்றன. உற்று நோக்கிப் பொருள்களை இனம் பிரித்துப் பெயரிடும் இப்பழக்கம், அறிவியல் முறைக்கு மிக நெருங்கியது என்பதை மறுத்தல் இயலாது.

சாளக்கிராமத்திற்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. ஏனைய திருவுருவங்களைச் சிற்பி செதுக்க வேண்டும். பின்பு மந்திரங்களால் உயிர்ப்பிக்க வேண்டும். சாளக்கிராமத்திற்கு அத்தகைய பிரதிஷ்டை வேண்டுவதில்லை. அது தானே தோன்றிய வடிவம் என்பது மரபு. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியின் பள்ளிகொண்ட திருமேனி 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது என்று அக்கோயில் மரபு கூறுகின்றது.

கல்லினுள் சக்கரம் எவ்வாறு வந்தது? அதற்கும் மரபு விடை கூறுகின்றது. வச்சிரகீடம் என்னும் புழு, வைரம் போன்ற பற்களால் கல்லைக் குடைந்து உள்ளே வாழ்ந்து, இச்சக்கரங்களை உண்டாக்கியது என்பர். இக்கதையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்தக் கல்லுக்குள் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது என்பதை நம் முன்னோர் கண்டுகொண்டனர். அது எவ்வகை உயிர், எக்காலத்து உயிர் என்பதே பின்னர் அறியப்பட்டது.

சக்கரத்தின் உள்ளே

அவ்வுயிரினத்தின் பெயர் அம்மோனைட். இது புழுவன்று, நத்தையுமன்று. நம் சமையலறைகளில் இடம்பெறும் கணவாய்க்கும், கடலடியில் வாழும் எண்காலிக்கும் உறவுடைய மெல்லுடலி. கணவாய்க்கு ஓடு உடலின் உள்ளே மறைந்துள்ளது. அம்மோனைட்டிற்கோ சுருண்ட ஓடு வெளியே இருந்தது. அவ்வோட்டின் உட்புறம் குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கடைசியாக உள்ள பெரிய அறையில் மட்டுமே உயிரினம் வாழ்ந்தது. வளர வளரப் புதிய அறையைக் கட்டிக்கொண்டு முன்னே நகர்ந்தது. பின்னே விடப்பட்ட அறைகளில் காற்று நிறைந்திருந்ததால் அது கடலில் மூழ்காமல் மிதக்க முடிந்தது. பூசையில் நாம் காணும் சக்கரத்தின் ஆரங்கள் போன்ற கோடுகள், அந்த ஓட்டின் மேடுகளும் அறைச் சுவர்களின் அடையாளங்களுமே ஆகும்.

அவ்வுயிர் இறந்ததும் ஓடு கடலடிச் சேற்றில் புதைந்தது. அதனைச் சுற்றிலும் தாதுப்பொருள்கள் படிந்து, சேற்றைக் காட்டிலும் கடினமான உருண்டையாக இறுகின. சில கற்களில் பொன்போல மின்னும் துகள்கள் காணப்படுவதுண்டு. அவை பொன்னல்ல, இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டான தாது. காலப்போக்கில் சேறு கரும்பாறையாயிற்று. பாறை உயர்ந்து மலையாயிற்று. மலையை ஆறு அரித்தபோது, மென்மையான பாறை கரைந்து போக, கடினமான உருண்டைகள் மட்டும் வெள்ளத்தில் உருண்டு வழவழப்பாயின. அவற்றுட் சில உடைந்து தம் உள்ளே இருந்த சக்கரத்தைக் காட்டின. வழிபாட்டில் உள்ள எல்லாக் கற்களிலும் இவ்வோடு உண்டென்று கூற இயலாது. ஆயினும் சக்கரம் தெளிவாகத் தெரியும் கற்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. இவற்றின் வயது சுமார் 15 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டுள்ளனர். அம்மோனைட் இனம் முழுவதும் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மாபெரும் டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் மறைந்து போயிற்று.

மலைமேல் ஏறிய கடல்

கடலில் வாழ்ந்த உயிர் இமயமலையில் எவ்வாறு கிடைக்கிறது? இவ்வினா அறிஞர்களை நெடுங்காலம் மலைக்க வைத்தது. இன்று இமயம் நிற்குமிடத்தில் ஒரு காலத்தில் பெருங்கடல் ஒன்று பரந்து கிடந்தது. ஆஸ்திரிய நாட்டு நிலவியல் அறிஞர் எட்வர்ட் சூயெஸ் 1893-ஆம் ஆண்டில் அதற்கு டெத்திஸ் என்று பெயரிட்டார். தென்கோளத்தில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆகியவற்றோடு ஒட்டியிருந்த இந்திய நிலப்பகுதி, அவற்றினின்றும் பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவோடு மோதியது. இடையில் இருந்த கடலடி மடிந்து, நொறுங்கி, மேலே உயர்ந்தது. அதுவே இமயமலை. உலகின் மிக உயர்ந்த சிகரமான எவரெஸ்டின் உச்சியில் உள்ள பாறையும் கடலடியில் உருவான சுண்ணாம்புப் பாறையே. அதிலும் கடலுயிர்களின் எச்சங்கள் உள்ளன.

திருமால் பாற்கடலில் பள்ளி கொண்டவர் என்று போற்றுகிறோம். அவருடைய வடிவமாக வணங்கப்படும் கல்லும் கடலிலிருந்தே வந்தது என்று அறியும்போது, வணங்கும் கைகள் தளர்வதற்குக் காரணம் இல்லை.

பிற நாட்டார் கண்ட வடிவம்

இத்தகைய கல்லைக் கண்டு வியந்தவர்கள் நம்மவர் மட்டுமல்லர். எகிப்தியர்களின் அம்மோன் என்னும் தெய்வம் ஆட்டுக்கடாவின் வளைந்த கொம்புகளை உடையது. அக்கொம்பை ஒத்திருந்தமையால் பழைய ரோமானியர் இக்கல்லை அம்மோனின் கொம்பு என்றனர். இன்றைய அறிவியற் பெயரும் அத்தெய்வத்தின் பெயரிலிருந்தே பிறந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள விட்பி என்னும் ஊரில், 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹில்டா என்னும் கிறிஸ்துவத் துறவி அங்கிருந்த பாம்புகளைக் கல்லாக்கினார் என்று கதை வழங்கியது. கதைக்கு ஏற்றவாறு, அவ்வூர்க் கைவினைஞர்கள் கல்லின் முனையில் பாம்பின் தலையைச் செதுக்கி விற்றனர். கண்டகிக் கரையில் சக்கரமாகவும், ரோமானியருக்குக் கொம்பாகவும், விட்பியில் பாம்பாகவும் தெரிந்தது ஒரே வகை உயிரின் ஓடேயாகும்.

இக்கற்களைத் தேடித் திரட்டுவது ஒரு கல்வியாக மலர்ந்ததில் ஏழைப் பெண்மணி ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்னும் ஊரில் 1799-ஆம் ஆண்டு பிறந்த மேரி ஆன்னிங், ஒரு தச்சரின் மகள். தந்தை 1810-இல் இறந்தபோது குடும்பம் கடனில் தவித்தது. மழையும் அலையும் இடித்துத் தள்ளிய செங்குத்துப் பாறைகளின் அடியில் அம்மோனைட்டுகளைப் பொறுக்கி, சுற்றுலாவாக வந்தவர்களிடம் விற்று அக்குடும்பம் வாழ்ந்தது. 1811-இல் அவருடைய அண்ணன் ஒரு விலங்கின் மண்டையோட்டைக் கண்டார். அடுத்த ஆண்டு, பன்னிரண்டு வயதே நிரம்பிய மேரி அதன் உடற்பகுதியைக் கண்டார். அதுவே இக்தியோசார் எனப்படும் கடல்வாழ் ஊர்வனம். 1823-இல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டையும் அவர் வெளிக்கொணர்ந்தார்.

அவர் கண்டெடுத்தவற்றை விலைக்கு வாங்கிய செல்வர்களும் அறிஞர்களும் கட்டுரை எழுதிப் புகழ் பெற்றனர். கண்டெடுத்தவரின் பெயர் பலவற்றில் இடம்பெறவில்லை. லண்டன் நிலவியற் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டதே 1919-இல் தான். மேரி ஆன்னிங் 1847-இலேயே மறைந்துவிட்டார். யார், எங்கே, எப்போது கண்டெடுத்தார் என்பதை எழுதி வைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம்.

திருச்சிராப்பள்ளிச் சீமையில்

மேரி ஆன்னிங் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அன்று ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டிருந்த தமிழகத்திலும் இத்தேடல் தொடங்கிவிட்டது. இமயத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய பகுதிகளின் ஓடைகளிலும் வயல்வெளிகளிலும் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடப்பது 1840-ஆம் ஆண்டு வாக்கில் சிலருடைய கருத்தைக் கவர்ந்தது. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே என்பவரும், கன்லிஃப் என்பவரும் அவற்றை முறையாகத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். அதன்பின் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்ட், அப்பகுதிப் பாறைகளை ஊர் ஊராக அளந்து 1862-இல் நூல் எழுதினார். உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் தமிழ் ஊர்ப் பெயர்கள், பாறை அடுக்குகளின் பெயர்களாக உலக நிலவியல் நூல்களில் ஏறின.

அங்கே கிடைப்பவை வியப்பிற்குரியவை. உள்ளங்கையில் அடங்கும் அம்மோனைட்டுகளும் உண்டு. இரு கைகளாலும் தூக்க வேண்டிய பெரியனவும் உண்டு. சுறாமீன்களின் பற்கள், துப்பாக்கி ரவை போன்ற பெலம்நைட்டுகள், கல்லாகிய சிப்பிகள் எனப் பலவும் காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி போன்ற ஊர்களைச் சுற்றிக் கிடைத்துள்ளன. இன்று கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே அமைந்த இந்நிலம், 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது என்பதற்கு இவையே சான்று. இதே அரியலூர் மாவட்டத்திலேதான், கடாரத்திற்குக் கப்பற்படை செலுத்திய இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. கடல் கடந்த மன்னனின் தலைநகருக்கு அருகிலேயே, மனிதர் எவரும் காணாத பழங்கடல் ஒன்றின் கரையும் கிடக்கிறது.

இத்தொகுப்புகளை ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் 1838-இல் பிறந்த இவர், தமது இருபத்து நான்காம் வயதில் கல்கத்தாவுக்கு வந்தார். திருச்சிராப்பள்ளிச் சீமையின் கல்லுயிர்களை ஒவ்வொன்றாகப் படம் வரைவித்து, விளக்கி, பெயரிட்டுப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1864, 1865-ஆம் ஆண்டுகளில் இமயமலையின் ஸ்பித்திப் பள்ளத்தாக்கிற்குச் சென்று, அங்குள்ள கரும்பாறைக்கு ஸ்பித்திப் பாறை என்று பெயரிட்டவரும் இவரே. சாளக்கிராமங்கள் பிறக்கும் நேபாளத்துக் கரும்பாறை அப்பாறை அடுக்கின் தொடர்ச்சியாகும். ஆகவே அரியலூர் அம்மோனைட்டையும் இமயத்து அம்மோனைட்டையும் ஒருசேர ஆராய்ந்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். நம் பினாங்குத் தீவின் நிலநத்தைகளைப் பற்றியும் இவர் ஆராய்ந்து எழுதியுள்ளார் என்பது மலேசியர் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. மத்திய ஆசியப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில், உயர்மலை நோயுற்று, 1874-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லடாக்கில் காலமானார். அப்போது வயது முப்பத்தாறு. லே நகரில் அவருக்கு நினைவுத் தூண் உள்ளது.

கல்லான மரமும் கரைந்த எலும்பும்

கடலுயிர்கள் மட்டுமன்றி, மரங்களும் அங்கே கல்லாயின. விழுப்புரம் மாவட்டத்தில் திருஞானசம்பந்தரால் பாடல் பெற்ற தலம் திருவக்கரை. சந்திரமௌலீசுவரர் எழுந்தருளியுள்ள அத்தலத்தின் அருகே, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781-இல் அவற்றைப் பற்றிக் குறித்து வைத்தார். கொல்லப்பட்ட அசுரனின் எலும்புகள் அவை என்று ஊரார் கதை கூறுவர். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று உள்ளது. அதனை 1940-இல் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழர். பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக விளங்கியவர். இவ்விரு இடங்களும் இன்று பாதுகாக்கப்பட்ட பூங்காக்களாக உள்ளன. எவரும் எடுத்துச் செல்லாமல் கிடந்த இடத்திலேயே காக்கப்படுவதால், வருவோர் அனைவரும் அவற்றைக் காண முடிகிறது.

எல்லாவற்றிற்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அரியலூருக்கு அருகே கல்லமேடு என்னும் சிற்றூரில் மாபெரும் விலங்கொன்றின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம் இருந்தது. யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு அறிஞர்கள் 1980-களின் இறுதியில் அதற்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் சூட்டினர். பேருடல் கொண்டது என்பது அதன் வடமொழிப் பொருள். அது மெய்யாயின், உலகில் நடமாடிய நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கும். ஆனால் நொய்ந்து போயிருந்த அவ்வெலும்புகள் பொடிப்பொடியாகச் சிதைந்துவிட்டன என்ற செய்தி 2017-இல் வெளியாயிற்று. எஞ்சியவை சில வரைபடங்களும், 2022-இல் வெளியிடப்பட்ட பழைய நிழற்படங்களுமே. பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்த பொருள், வெளியே வந்த சில ஆண்டுகளுக்குள் இல்லாமற் போயிற்று. எடுப்பது எளிது, காப்பதே அரிது.

கல்லங்குறிச்சியிலும் இத்தகைய சிக்கல் உண்டு. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. அங்கே உருவச் சிலை மூலவராக இல்லை. நெடிய கற்கம்பமே பெருமாளாக வழிபடப்படுகிறது. அவ்வூரின் பெயரையே தாங்கிய சுண்ணாம்புப் பாறை, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சிப்பிகளால் நிறைந்தது. அப்பாறையே சிமெண்டுக்கு மூலப்பொருளாகவும் வெட்டியெடுக்கப்படுகிறது. சுரங்கங்கள் வெட்டப்பட்டதனால் பல படிவங்கள் வெளிச்சத்திற்கு வந்தன என்பதும் உண்மை; எவரும் பார்க்குமுன் எண்ணற்றவை அரைபட்டன என்பதும் உண்மை. வீடு கட்டச் சிமெண்டு வேண்டும். ஆயினும் அரைப்பதற்கு முன் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும் அன்றோ!

பத்துமலையின் பற்கள்

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று எண்ண வேண்டுவதில்லை. 1890-களில் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் முருகப்பெருமான் வழிபாடு தொடங்கப்பெற்ற பத்துமலையும் கடலின் கொடையே. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பே அம்மலையாக நிற்கிறது. பூமியின் உள்வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அது பளிங்குபோல் மாறியதால், அதிலிருந்த ஓடுகளின் வடிவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது.

ஆயினும் அம்மலையின் குகைகள் வேறொரு செல்வத்தைக் காத்து வைத்திருந்தன. பத்துமலைக் குன்றின் குகைகள் சிலவற்றிலும், பேராக் மாநிலத்தின் லெங்கோங் பகுதியில் உள்ள குகை ஒன்றிலும், ஒராங் ஊத்தானின் பற்கள் கிடைத்ததாக 2013-இல் மலேசிய ஆய்வாளர்களும் அவர்தம் வெளிநாட்டு நண்பர்களும் அறிவித்தனர். இன்று போர்னியோவிலும் சுமத்திராவிலும் மட்டுமே வாழும் அவ்விலங்கு, ஒரு காலத்தில் தீபகற்ப மலேசியாவிலும் உலவியது என்பதற்கு அப்பற்கள் சான்றாயின. பற்கள் மட்டுமே எஞ்சுவது ஏன்? குகைகளுக்கு எலும்புகளை இழுத்து வந்து கொறித்துத் தீர்ப்பது முள்ளம்பன்றியின் வழக்கம். பல்லின் மேற்பூச்சு மிகக் கடினமாதலின் அது தப்பிவிடுகிறது. தைப்பூசத்தன்று பல இலட்சம் அடியார்கள் கூடும் மலையில், எவர் கண்ணுக்கும் படாது பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்தன அப்பற்கள்.

இரண்டு நெறிகள்

தொல்லுயிர்ப் படிவங்களைத் திரட்டுவோருக்கு ஒரு நெறி உண்டு. கல்லை எடுக்குமுன் அது கிடந்த இடம், பாறையின் அடுக்கு, நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். அக்குறிப்பு இல்லாத படிவம் அழகிய கல்லே அன்றிச் சான்று ஆகாது. கே, கன்லிஃப் முதலியோர் எங்கெங்கே எவற்றை எடுத்தோம் என்று குறித்து வைத்தமையால்தான், இன்றைக்கும் அக்கற்கள் பேசுகின்றன.

சாளக்கிராமத்தைப் போற்றுவோருக்கும் ஒரு நெறி உண்டு. அதற்கு விலை பேசலாகாது. பெரியோர் கையிலிருந்து பெற வேண்டும். நாள்தோறும் திருவமுது படைக்க வேண்டும். இயலாதபோது தக்கவரிடமோ திருக்கோயிலிலோ ஒப்படைக்க வேண்டும் என்பர். அரிய பொருளை வாணிகச் சரக்காக்காமல் காப்பதற்கு இதனினும் சிறந்த விதி வேறில்லை. இன்றோ சாளக்கிராமமும் அம்மோனைட்டும் விளம்பரம் செய்து விற்கப்படுகின்றன. போலியாகச் செதுக்கிய சக்கரங்களும் உலவுகின்றன. விட்பியில் பாம்புத் தலை செதுக்கியவர்களின் தொழில் இன்னும் ஓயவில்லை போலும்!

இவ்விரு நெறிகளும் ஒன்றுக்கொன்று துணையாக வேண்டிய காலம் இது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த முன்னோர் சிலர், துணிமூட்டைக்குள் சாளக்கிராமத்தையும் கொண்டுவந்தனர். அவர்கள் மறைந்த பின், பூசை முறை அறியாத பிள்ளைகள் அதனைத் திருக்கோயிலில் ஒப்படைப்பது வழக்கமாகியுள்ளது. அது நல்ல வழக்கமே. ஆனால் ஒப்படைக்கும்போது, இதனைக் கொண்டுவந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை தலைமுறை பூசித்தனர் என்பதை எவரும் எழுதிக்கொடுப்பதில்லை. கேட்டு எழுதிக்கொள்வோரும் அரியர். கல் கோயிலில் இருக்கும். குடும்பத்தின் வரலாறு கரைந்துவிடும். கல்லமேட்டு எலும்புக்கு நேர்ந்ததும் இதுவே அன்றோ?

ஆகவே திருக்கோயில்தோறும் ஒரு ஏடு வைக்கப்பட வேண்டும். ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு சாளக்கிராமத்திற்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். பெரியோர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுமையாகக் கேட்கும் ஒருவரும் போதும். 15 கோடி ஆண்டுகள் கடந்து கடலின் கதையைச் சுமந்து வந்த கல்லுக்கு, மூன்று தலைமுறை மனிதரின் கதையையும் சேர்த்துச் சுமக்கும் வலிமை உண்டு. அதனை எழுதி வைப்பதே நம் கடமை.

கண்டகிக் கரையில் எழுந்தருளிய பெருமான் அனைவருக்கும் நல்லருள் புரிவாராக!